அத்தையின் முட்டியும் மூன்றாவது மாடியும்

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வாய் திறந்துவிட்டேன், அதைச் சொல்லத்தான்.

திண்டுக்கல்லில் ஓடைக்கரையில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டுக்குப் பதிலாக, ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் அரசாங்கம் வீடு ஒதுக்கியது. வீடு என் மாமியார் பேரில். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். குலுக்கலில் மூன்றாவது மாடி விழுந்தது. முட்டி தேய்ந்த அத்தை அங்கே ஏறினால் அப்புறம் இறங்கவே மாட்டார். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்குவதும், அந்த வரிசையில் ஊர்க்கதை பேசுவதும்தான் அவருக்குத் திருவிழா. அது நின்றுவிடும்.

வயதானவர்களுக்குக் கீழ்த்தளம் மாற்றித் தரலாம் என்று விதி இருப்பதாகச் சொன்னார்கள். மனு எழுதிப் போட்டேன். ஒரு திங்கட்கிழமை, குடியிருப்பு வாசலில் பந்தல் போட்டு, அதிகாரி ஒவ்வொருவரையும் நேரில் விசாரித்தார்.

அத்தை கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையில், என் தோளைப் பிடித்தபடி வந்தார். எங்களுக்குப் பின்னால் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து நின்றார். என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருப்பவர். பேச்சு இன்னும் முடியவில்லை. அவரைப் பார்த்ததும் அத்தை என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். சம்பந்தம் பேசும் வீட்டார் முன்னால் நோய்நொடியைச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பரம்பரை வியாதி என்று நினைத்துவிடுவார்களாம்.

"படி ஏற முடியுதாம்மா?" என்றார் அதிகாரி.

"ஏறாம என்ன சார். ஒரே மூச்சுல மலைக்கோட்டைக்கே ஏறிருவேன்."

அதிகாரி மனுவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "அப்ப எதுக்கும்மா கீழ்வீடு?"

"மருமக எழுதிட்டா. அவளுக்குத்தான் மூச்சு வாங்கும்."

அவர் மனுவில் ஏதோ எழுதப் பேனாவை எடுத்தார். நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், அத்தை பொய் சொல்றாங்க. தெனம் முட்டிக்கு ஒத்தடம் குடுக்குறேன். வாசப்படி எறங்கவே நான் கை குடுக்கணும்."

பந்தல் முழுக்கக் கேட்டிருக்கும். அத்தை என்னை முறைத்தார். "ஏண்டி, பேசாதவ பேச வந்த நேரத்தப் பாரு."

பின்னாலிருந்து அந்த அம்மா சிரித்தார். "நல்லவேளை சொன்ன தாயி. இவங்க மலை ஏறுவேன்னதும், நான் என்னத்தச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. நானும் கீழ்வீடு கேக்கத்தான் வந்தேன்."

"அப்ப எதுக்கு இம்புட்டு நேரம் சிலையாட்டம் நின்ன?" என்றார் அத்தை.

"நீங்க நின்னீங்கள்ல."

அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க" என்று நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்தவர்கள், எந்தத் தைலம் கேட்கிறது, எது வெறும் வாசனை என்று பந்தல் பிரிக்கும்வரை பேசினார்கள். கல்யாணப் பேச்சில்கூட இவ்வளவு ஒத்துப்போனதில்லை.

ஆட்டோவில் ஏறும்போது அத்தை மறுபடி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கும் வாய் இருக்குடி. இத்தன வருசமா எங்க வச்சிருந்த?"

மறுநாள் கீழ்த்தளத்தில் ஏழாம் எண் வீட்டின் சாவியைக் கொடுத்தார்கள். ஒன்பதாம் எண் அந்த அம்மாவுக்கு. புது வீட்டுக் குழாயில் அன்று மதியம்தான் தண்ணீர் வந்தது.