வாயைத் திறக்கச் சொல்லும் டிரைவர்

வேனை நிறுத்தியதும் இன்னாசிமுத்து நேராகப் போவது டீக்கடைக்கு. டீ குடிக்க அல்ல. பெஞ்சில் இருப்பவர்களைப் பொதுவாக ஒரு பார்வை பார்த்து, "ஊசி கெடையாது, மாத்திரை கெடையாது. பொட்டி தூக்கிக்கினு வர்றாங்களேன்னு யாரும் பயப்படாதீங்க. வாயத் தொறந்து மூடிக்கினா போதும்" என்பார். பிறகு குழாயடி, களத்துமேடு, கோயில் வாசல் என்று ஒரு சுற்று. அவர் திரும்பி வரும்போது பின்னால் நாலைந்து பேராவது வருவார்கள். சிரித்துக்கொண்டே வருவார்கள்.

வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பங்குக் கிராமம் அவருக்குச் சொந்த ஊர். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயது. காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றிவிடாமல் போட்டிருப்பார். முன்பு பாகூரிலிருந்து நெல் லாரி ஓட்டினார். இப்போது புதுச்சேரியில் உள்ள ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் மெட்டாடர் வேன் அவர் கையில் இருக்கிறது. வண்டியை எடுக்குமுன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் மாதா படத்தைத் தொட்டு முத்திக்கொள்வார். கூடவே, "தாயே, பிரேக்கு என் பொறுப்பு. கியரு உன் பொறுப்பு" என்பார். மூன்றாவது கியர் விழ மறுக்கும்போது மாதாவை ஒரு முறைப்பும் முறைப்பார்.

வேனில் போகிறவர்கள் தலைக்கொரு படிப்புப் படித்தவர்கள். டாக்டர் சிவப்பிரகாசம் கன்னத்தின் உள்பக்கத்தை மரக்குச்சியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, ஸ்பிரிட்டில் போட்டுக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அமுதம் ரசாயனம் படித்தவர். ஊர் ஊராகப் புகையிலையும் சுண்ணாம்பும் கிணற்றுத் தண்ணீரும் சேகரிப்பார். மூன்றாமவர் புள்ளிவிவர இயல் படித்த இளைஞர். என்ன சாப்பிடுகிறாய், எந்த வயதில் புகையிலை போட ஆரம்பித்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். திரும்பும் வழியெல்லாம் வேனுக்குள் வழக்கு நடக்கும். செல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார் டாக்டர். சுண்ணாம்பை விட்டுவிட்டீர்களே என்பார் அமுதம். இன்னும் ஆயிரம் பேரைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று இளைஞர் இரண்டு பேரையும் அடக்குவார்.

வாயில் வரும் நோய்க்குக் கிணற்றுத் தண்ணீர் எதற்கு என்று பாகூரில் ஒருவர் கேட்டுவிட்டார். இன்னாசிமுத்துதான் பதில் சொன்னார்: "ஒரு வூட்ல திருட்டு போச்சின்னா போலீசு வூட்டுக்காரன மட்டுமா கேக்கும்? எதுத்த வூட்டக் கேக்கும், டீக்கடையக் கேக்கும், நாயி எப்பக் கொலச்சிச்சின்னு கேக்கும். அந்த மாரிதாம்பா இதுவும்." அமுதம் சிரித்துவிட்டார். அதன்பிறகு ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கிய தன் மேசையை, சாட்சி சொல்லும் நாய் என்றே சொல்லத் தொடங்கினார்.

ஊரையெல்லாம் வாய் திறக்கச் சொன்ன இன்னாசிமுத்து தன் வாயை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. லாரி ஓட்டிய காலத்தில் தூக்கம் வராமலிருக்கப் பழகிய புகையிலை, இடது கன்னத்தில் எப்போதும் ஒதுங்கியிருக்கும். வண்டியின் மறைவுக்குப் போய்த் துப்பிவிட்டு வருவார். வேனில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். டாக்டர் கூப்பிடும்போதெல்லாம் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது டயரில் ஆணி ஏறியிருக்கும்.

பயம்தான் காரணம். அவருடைய அண்ணன் சவரிநாதன் கன்னத்தில் புண் வந்து செத்துப்போனவர். கடைசி மாதங்களில் கன்னத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. இன்னாசிமுத்துதான் அந்த ஓட்டையை ஒரு கையால் துணி வைத்துப் பொத்திக்கொண்டு மறு கையால் கஞ்சி புகட்டினார். பாதிக் கஞ்சி துணியில் இறங்கும். இந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வந்ததும் அதனால்தான். தன் வாயை மூடிக்கொண்டதும் அதனால்தான்.

பனித்திட்டு மீனவக் கிராமத்தில் ஒருநாள் மாட்டிக்கொண்டார். கருவாடு விற்கும் சின்னபொண்ணு கவிழ்த்துப் போட்டிருந்த படகில் சாய்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தாள். வழக்கம்போல இவர் போய்ச் சொன்னார். அவள் அசையவில்லை.

"இன்னா டிரைவரே, ஊருக்கெல்லாம் சொல்றியே, உன் வாய யாரு பாத்தா? மொதல்ல நீ தொற. அப்பால நான் தொறக்கறேன்."

பக்கத்தில் காயப்போட்ட வலையின் நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். இன்னாசிமுத்து வேனைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கென்று வண்டியில் ஒரு குறையும் இல்லை. புகையிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு, டாக்டருக்கு எதிரே இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

டாக்டரின் டார்ச் வலது கன்னத்தைப் பார்த்தது, நாக்கைப் பார்த்தது, இடது கன்னத்துக்கு வந்து நின்றது. நகரவில்லை. மற்றவர்களின் வாயில் அப்படி அது நிற்பதைப் பக்கத்திலிருந்து பலமுறை பார்த்தவர் அவர். டாக்டர் குச்சியை எடுத்துச் சுரண்டினார். அமுதம் கண்ணாடித் துண்டை நீட்டும்போது இன்னாசிமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சின்னபொண்ணு சொன்ன சொல் தவறவில்லை. அடுத்து வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். பல்லெல்லாம் கறை. ஆனால் புண்ணோ வெள்ளைத் திட்டோ எதுவும் இல்லை. "உனக்கு ஒண்ணுமில்லம்மா, ஆனா இதை விட்டுடு" என்றார் டாக்டர். அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. வேனண்டை வந்து நின்றாள்.

"நான் வெளாட்டுக்குத்தான் சொன்னேன் டிரைவரே."

"நல்லதுதாம்மா சொன்ன" என்றார் இன்னாசிமுத்து. சாவியைத் திருப்பினார்.

அன்று திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. எத்தனையோ பேருடைய கண்ணாடித் துண்டுகளை அந்த வழியாகக் கொண்டுபோயிருக்கிறார். இந்தத் தடவை பெட்டிக்குள் அவரும் இருந்தார். வேனுக்குள் அன்று வழக்கு நடக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் அவரை ஆய்வுக்கூடத்துக்குள் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் கதவுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய், டாக்டர் காட்டியபடி ஒரு கண்ணை மூடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"கூழாங்கல்லு கொட்டினா மாரி கீது. இது எல்லாம் என்னுதா சார்?"

"உன்னுதுதான் இன்னாசி. இன்னும் நோயாகலை. இப்படியே விட்டா ஆகிடும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துடலாம்."

பக்கத்து மேசையிலிருந்து அமுதம் எழுந்து வந்தார். "அண்ணே, நீங்க போடற புகையிலையை எனக்குக் குடுக்கிறீங்களா? அதையும் பார்க்கணும்." இன்னாசிமுத்து இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். பையை மட்டும் உதறித் திரும்ப வைத்துக்கொண்டார். "வூட்ல தச்சிக் குடுத்தது" என்றார்.

வீட்டில், பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிப் பார்த்தார். மனைவி கிரேஸ் மேரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"பல்லுன்னா உங்க மூஞ்சி ஏன் இப்பிடி கீது? உள்ளதச் சொல்லுங்க."

சொன்னார். சவரிநாதனின் படுக்கைத் துணிகளைத் துவைத்தவள் அவள். அழவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்கள். இன்னாசிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பசிக்கவில்லை என்று கையால் காட்டினார். கிரேஸ் மேரி அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து அவள் பஸ் ஏறி வரும்போது தூக்கில் இடியாப்பம் இருக்கும். தேங்காய்ப்பாலில் கரைய ஊறவைத்து, சின்னக் கரண்டியால் வலது பக்கமாக ஊட்டுவாள். காயம் ஆறும்வரை அந்த வீட்டில் கஞ்சி காய்ச்சவே இல்லை.

நோய் வருமுன் எடுத்துவிட்டார்கள். இது நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கன்னம் சுத்தமாக இருக்கிறதென்று டாக்டர் அவ்வப்போது பார்த்துச் சொல்கிறார். வாய் மட்டும் முன்போல அகலத் திறப்பதில்லை. விசிலடிக்க வராது. புகையிலைக்குப் பதில் கொத்தமல்லி விதையை மெல்லுகிறார். "மாடு மாரி ஆயிட்டேன்" என்று தானே சொல்லிச் சிரிப்பார். டீக்கடைகளில் இப்போது அதிகம் பேசுவதில்லை. விரலால் கன்னத்தை இழுத்துத் தழும்பைக் காட்டி, "இம்மாந்தான் எடுத்தாங்க. பயந்துக்கினு இருந்ததுதான் பெரிய நோவு" என்பதோடு சரி.

சென்ற வாரம் வேன் சுத்துக்கேணிக்குப் போயிருந்தது. நடவிலிருந்து நேராக வந்த ஆண்டாள் என்ற பெண், காலில் சேறு காயுமுன்பே ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டர் டார்ச்சை எடுத்தார். எதிரே டீக்கடையில் ஆண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். டாக்டர் இரண்டு முறை கேட்டும் கை இறங்கவில்லை.

சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்த இன்னாசிமுத்து வாளியை வைத்துவிட்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை உதறி, இரண்டு கையாலும் விரித்து, அவளுக்கும் டீக்கடைக்கும் நடுவில் திரைபோல உயர்த்திப் பிடித்தார். தன் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் வாயைத் திறந்து, மூடி, எழுந்து வரப்பில் இறங்கி நடக்கும்வரை அப்படியே நின்றார்.