பல் டொக்டரின் போர் விமானம்

எனக்குக் கடைவாய்ப் பல் அடைத்துவிட்டவர் போர் விமானமும் ஓட்டுகிறவர் என்று நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது, அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "பல்லுக்கொதியிலை இவள் என்னவோ புசத்துறாள்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். அம்மாவும் நம்பவில்லை. பல் பிடுங்குகிறவர் பல் பிடுங்குவார், விமானம் ஓட்டுகிறவர் விமானம் ஓட்டுவார், ஒரே ஆள் இரண்டையும் செய்யப் போனால் இரண்டும் உருப்படாது என்பது அவர்களுடைய கணக்கு.

ஆனால் நான் பொய் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்தில் இருந்தோம். பிள்ளைகளுக்கான பல் வைத்தியம் அங்கே கொம்யூனேயின் பொறுப்பு, நகரசபைக் காரியம். அந்த டொக்டர் மெலிந்த, வழுக்கைத் தலை மனிதர். ஊசி போடும்போது "நோகாது, நோகாது" என்று சொல்லிக்கொண்டே நோகப் போடுவார். அவருடைய அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. விமானத்தின் ஏணியில் ஒரு கால், கையில் தலைக்கவசம், அப்போது தலை நிறைய மயிர். வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு நான் படத்தைக் காட்ட, அவர் கதை சொன்னார். வாய் திறக்க முடியாத ஆளுக்குக் கதை சொல்வதில் அவருக்கு நல்ல விருப்பம் இருந்தது.

ஒரு காலத்தில் டென்மார்க்கை அயல்நாட்டுப் படை காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் பிடித்துவிட்டதாம். அந்த வெட்கம் இங்கத்தைய பெரியவர்களை விட்டுப் போகவே இல்லை. அந்த உலக யுத்தம் முடிந்த பிறகு, இனிமேல் நித்திரையில் பிடிபடமாட்டோம் என்று சொல்லி, நிரந்தர விமானப் படைக்குப் பின்னால் இன்னொரு வரிசையாக அவர் இருக்கும் இந்த றிசேர்வ் படையணியை, அதாவது துணைப் படையை, உண்டாக்கினார்கள். படையில் பழகிவிட்டு விலகிய விமானிகள்தான் ஆட்கள். ஒருவர் பயணிகள் விமானம் ஓட்டுவார், ஒருவர் பன்றி வளர்ப்பார், ஒருவர் வங்கியில் இருப்பார், எங்களுடையவர் பல் பார்ப்பார். வருடத்தில் சில கிழமைகள் வந்து, பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு, கை மறந்து போகாமல் பறந்துவிட்டுப் போவார்கள். எதிரி கிழக்கிலிருந்து வந்தால் நிரந்தரப் படை முன்னுக்குப் போகும், இவர்கள் வீட்டு வானத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பின்னாளில் நிரந்தரப் படைக்காரர் தூர தேசங்களுக்குப் போகத் தொடங்கியபோதும், விட்டுப்போன இடத்தை நிரப்பியது இவர்கள்தான். இப்போது விமானமும் கிழடு, ஆட்களும் கிழடு, இந்த வசந்தத்தோடு படையணியைக் கலைக்கிறார்கள். கடைசி நாளன்று விமானத் தளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள், நீயும் வா என்றார்.

அந்த வசந்தம்தான் அங்கே, எங்கள் நாட்டில், யுத்தத்தின் கடைசி மாதங்கள். பெரியம்மா வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். கணவர் முன்னமே செத்துப்போக, இரண்டு பொடியன்களையும் கூட்டிக்கொண்டு இடம் மாறி இடம் மாறி, கடைசியில் கடற்கரை மணலில் தறப்பாள் கொட்டிலொன்றில் இருந்தார். எங்கள் வீட்டில் எல்லாரும் களைத்துப் போயிருந்தோம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அப்பா ஜன்னல் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, சப்பாத்துக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் இருப்பார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, அவருக்குப் பின்னால் நிற்பார். கொப்பன்ஹேகனில் ஊர்வலம் என்றால் போவார்கள், கத்துவார்கள், தொண்டை கட்டித் திரும்பி வருவார்கள். கறிக்கு உப்பில்லை என்று சொல்லக்கூட ஒருவருக்கும் தெம்பிருக்கவில்லை.

இதற்குள் இங்கத்தைய விமானங்கள் வேறு. ஸ்கீவயின் மேலால் அவை பறப்பது வழமைதான், வருடக்கணக்காகப் பறந்தவை. முன்பெல்லாம் அம்மா ஒருமுறை திடுக்கிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். அந்த வசந்தத்தில் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. சத்தம் கேட்டதும் "கிபிர்!" என்று கத்திக்கொண்டு, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே குந்திவிடுவார். ஊரில் குண்டு போடும் விமானத்துக்கு அதுதான் பெயர். ஒருநாள் கடையில், பால் அடுக்கியிருந்த இடத்தில் குந்திவிட்டார். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயோடு நின்று பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று.

பெரியம்மாவின் அழைப்பு எப்போதாவதுதான் வரும். யாரிடமோ இருந்த செய்மதித் தொலைபேசிக்கு வரிசையில் நின்று எடுப்பார். ஏப்ரலில் வந்த அழைப்பில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது, ஏனென்றால் அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், எல்லாரும் சுற்றி நிற்போம். பங்கருக்கு மண்மூட்டை அடுக்கச் சாக்கு இல்லை, சீலைகளை வெட்டிப் பையாகத் தைத்துத்தான் மண் நிரப்புகிறோம் என்றார் பெரியம்மா. எல்லாச் சீலையும் முடிந்து இரண்டே இரண்டுதான் மிச்சம். ஒன்று மஞ்சள், மற்றது சிவப்பு, அவருடைய கலியாணக் கூறை.

"கொட்டிலுக்கு மேலை சீலையொண்டை விரிச்சுக் கட்டினா, சனம் இருக்கெண்டு மேலை பிளேன் ஓடுறவனுக்குத் தெரியுமெண்டு சொல்லுகினம். எதை விரிக்கிறது, தங்கச்சி? மஞ்சளோ, சிவப்போ? ஆரிட்டையெண்டாலும் கேட்டுச் சொல்லு" என்றார். அதோடு அறுந்துவிட்டது.

அதிலிருந்து அந்தக் கேள்வி அம்மாவின் கேள்வியாகிவிட்டது. கோயிலில் கேட்டார், வேலையிடத்தில் கேட்டார், ஊர்வலத்தில் பக்கத்தில் நடந்தவர்களிடமும் கேட்டார். ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். ஒருவர் வெள்ளை என்றார், வெள்ளைக்கு எங்கே போவது? அப்போதுதான் என் பல் டொக்டர் அம்மாவுக்கு நினைவு வந்திருக்கவேணும்.

"இஞ்சை வா பிள்ளை. உன்ரை டொக்டர் மேலை ஓடுறவர் எண்டெல்லே சொன்னனீ?"

"உமக்கென்ன விசரே?" என்றார் அப்பா. "அவங்கள் ஆமிக்காரர். அங்கை போய்ச் சீலைக்கதை கதைக்கப் போறீரோ?"

"மேலை ஓடுறவனுக்குத்தானே தெரியும் மேலையிருந்து என்ன தெரியுமெண்டு. நீங்கள் காரை எடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

வெறுங்கையோடு ஒருவரிடம் உதவி கேட்கப் போவது அம்மாவின் அகராதியில் கிடையாது. ஆகவே சனிக்கிழமை விடியவே எழும்பி, கிழங்கும் மிளகாயும் வைத்துச் சுருட்டி ரோல்ஸ் சுட்டார். வெள்ளித்தாள் சுற்றிய பெரிய பெட்டியோடு, நல்ல சீலை உடுத்து, மேலே குளிர் அங்கி போட்டுக்கொண்டு, விமானப் படைத் தளத்தின் வாசலில் போய் நின்றோம். காவலுக்கு நின்ற இளம் பொடியன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தான், மணந்தான், ஒன்றை எடுத்துக் கடித்தான். மிளகாய் ஏறி முகம் செம்பரத்தம்பூவாகிவிட்டது, ஆனாலும் போங்கள் என்று கையைக் காட்டினான். அப்பா எனக்குப் பின்னால், கள்ளன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

உள்ளே திருவிழாதான். கோப்பி, சொசேஜ், கொடி, பிள்ளைகளுக்கு முகத்தில் பூச்சு. விமானக் கொட்டகைக்குள் ஒரு வயதான அதிகாரி படையணியின் வரலாற்றைச் சொன்னார். எத்தனையோ வருடமாக விழித்திருந்தோம், ஒரு முறைகூடப் போருக்கு அழைக்கப்படவில்லை, நாங்கள் காத்திருந்த எதிரி வரவே இல்லை என்றார். சனம் சிரித்துக் கைதட்டியது. நான் அம்மாவின் காதுக்குள் மொழிபெயர்த்தேன்.

"வராமலே முடிஞ்சுதோ?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் அந்த விமானங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "குடுத்து வைச்சவை."

பிறகு கடைசிப் பறப்பு என்று அறிவித்தார்கள். எல்லாரும் ஓடுபாதைப் பக்கம் ஓடினார்கள். விமானம் தலைக்கு மேலால் தாழ்வாக, நெஞ்சு அதிரப் போனது. திரும்பிப் பார்க்கிறேன், அம்மாவைக் காணவில்லை. கோப்பி மேசைக்குக் கீழே, ரோல்ஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அப்பா புல்லில் முழங்காலூன்றி, "ஒண்டுமில்லையப்பா, இது அவங்கடை, இது அவங்கடை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொசேஜ் சாப்பிட்டுக்கொண்டு நின்றவர்கள் விலகி நின்று பார்த்தார்கள்.

சனத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் பல் டொக்டர். பச்சை உடுப்பில் அவரை எனக்கு முதலில் மட்டுக்கட்ட முடியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது, என் பல்லைத் தெரிந்தது. உன் அம்மாவுக்குச் சுகமில்லையா என்று கேட்டார். நான் பதில் சொல்லமுதல் அம்மா மேசைக்குக் கீழேயிருந்தபடியே ரோல்ஸ் பெட்டியை அவரிடம் நீட்டினார்.

"கேள் பிள்ளை. இப்பவே கேள்."

எங்கள் வீட்டில் மொழிபெயர்ப்பு என் வேலை. வரிக் கந்தோர், வீட்டுக்காரர், டொக்டர், எல்லாவற்றுக்கும் நான்தான். கேட்டேன். மேலே பறக்கிறவருக்குக் கீழே விரித்த துணியில் எந்த நிறம் நன்றாகத் தெரியும், மஞ்சளா, சிவப்பா?

அவர் புல்லில் எங்களோடு இருந்துவிட்டார். கேள்வி அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று முகத்தில் தெரிந்தது. கடலில் குதித்த விமானிக்கு ஓரேஞ்ச் நிறத் துணிதான் கொடுத்துவிடுவார்கள் என்றார். ஓரேஞ்ச் இல்லை, இந்த இரண்டுதான் என்றேன். அப்படியென்றால் மஞ்சள், சிவப்பு உயரத்திலிருந்து கறுத்துப்போய் வெறும் நிழல் மாதிரித் தெரியும் என்றார்.

"யார் தொலைந்து போனது? தேடுகிறவர்கள் யார்?" என்று கேட்டார்.

ஒருவரும் தேடவில்லை, என் பெரியம்மா, அவருடைய கொட்டிலின் மேல் குண்டு போடாமல் இருப்பதற்கு என்றேன்.

டொக்டர் கையில் எடுத்த ரோல்ஸைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.  பிறகு, ஊசி போடும்போது பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னார். தான் வாழ்க்கையில் குண்டு போட்டது டென்மார்க்கின் மேற்குக் கடற்கரை மணலில் வரைந்த வட்டங்களுக்கு மட்டும்தான். அந்த வேகத்தில் ஒரு மனிதரையும் தான் பார்த்ததில்லை. கீழே என்ன இருக்கிறதென்று புறப்படும் முன்பே சொல்லி அனுப்பிவிடுவார்கள், விமானி அதைத்தான் பார்ப்பான், துணியைப் பார்க்கமாட்டான்.

நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். எனக்கு அதில் பெருமை. அப்பா எழும்பி அப்பால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒன்றுமே கேட்காதவர் போல, "அப்ப மஞ்சளோ எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். "மஞ்சள்" என்றார். "உன் அம்மாவிடம் சொல், மஞ்சள்."

காரில் திரும்பி வந்தோம். இரண்டு பக்கமும் வயல்களில் ரேப் பூ, கடுகுப் பூ மாதிரி, மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. எனக்குச் சரியான எரிச்சல். மேலேயிருந்து ஒன்றும் தெரியாது என்று சொன்ன மனிதர் பிறகு ஏன் மஞ்சள் என்றார், இரண்டையும் கேட்ட அம்மா ஏன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று அப்பாவிடம் டேனிஷில் கேட்டேன். "பேசாமல் இரு" என்றார் அப்பா தமிழில்.

அடுத்த கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அம்மா மாக் குழைத்த கையோடு ஓடிப்போய் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அக்கா, மஞ்சள்! மஞ்சளை விரியுங்கோ. இஞ்சை ஒரு பைலட்டிட்டையே கேட்டனான்."

இரைச்சலுக்குள் பெரியம்மாவின் குரல் வந்தது. அழவில்லை. அழுது முடித்தவரின் குரல்.

"மஞ்சள் இல்லை, தங்கச்சி. முந்தநாள் எங்கடை சின்னவன் ஷெல் விழுந்து செத்துப்போனான். பெட்டிக்கு நான் எங்கை போறது? மஞ்சளிலைதான் சுத்தித் தாட்டனாங்கள்."

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டார். சின்னவனை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். என்னைவிட ஒரு வயது குறைவு. அம்மா அலறப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் அலறவில்லை. தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தார்.

"கூறை இருக்குதெல்லே, அக்கா?"

"ஓம், அது கிடக்கு."

"அப்ப அதை விரியுங்கோ. சிவப்பும் வடிவாத் தெரியுமாம். அவர் சொன்னவர்."

"இல்லை!" என்று நான் கத்தினேன். "சிவப்பு கறுப்பாத்தான் தெரியுமெண்டு சொன்னவர்! அம்மா, சிவப்பு..."

அம்மா மாக்கையால் என் வாயை இறுகப் பொத்தினார்.

"சரி தங்கச்சி" என்றது பெரியம்மாவின் குரல். "மூத்தவனைக் கொண்டு இப்பவே விரிச்சுக் கட்டுறன்." அதோடு அறுந்துவிட்டது. பிறகு அழைப்பு வரவே இல்லை.

அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, முகத்திலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். எனக்கு அழுகை அழுகையாய் வந்தது, சின்னவனுக்காகக்கூட அல்ல, கோபத்தில். அந்த மனிதர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். அத்தனையையும் தெளிவாகக் கேட்டுவைத்த அம்மா, அவ்வளவு தூரத்தில் இருக்கிற சொந்தத் தமக்கைக்குப் போயும் போயும் பிழையான நிறத்தைச் சொல்கிறாரே, ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.