சத்தம் போடாத வளை

பாலக்கரையில் ரெஜிஸ் வாட்ச் கடை எங்கே என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ரெஜிஸ் எங்கே என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். கடையில் இருப்பார். இல்லையென்றால் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் முஜிபுர் ரஹ்மானோடு வம்பளந்துகொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கோயில் வளாகத்துப் புங்க மரத்தடியில் நிற்பார். கோயிலுக்குள் அல்ல, மரத்தடியில். உள்ளே பூசை நடக்கும். வெளியே ஆண்கள் சிலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சிலுவை போட வேண்டிய இடத்தில் ஒழுங்காகச் சிலுவை போடுவார்கள், மற்ற நேரத்தில் மீன் விலையைப் பேசுவார்கள். கல்யாணம் ஆன காலத்திலிருந்து ரெஜிஸ் அந்தக் கூட்டத்தின் நிரந்தர உறுப்பினர்.

உள்ளே கீபோர்டு வாசிப்பது அவருடைய மனைவி டோரதி. வார நாட்களில் ஸ்கூலில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை பாடல் குழுவின் தூண். டோரதி வராத ஞாயிற்றில் பாட்டு எந்தச் சுருதியில் தொடங்கும், எதில் முடியும் என்பது அந்த ஆண்டவருக்கே வெளிச்சம்.

இந்த அம்மாளுக்கு ரெஜிஸ் எத்தனையோ தரம் வளையல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். புதுசில் கண்ணாடி வளையல், அப்புறம் வெள்ளி, மகள் ஜென்சி பிறந்தபோது தங்கம். எல்லாம் பீரோவில் சுகமாக இருக்கின்றன. குறை வளையலில் இல்லை. டோரதி வாசிக்கும்போது கை சாய்ந்தால் வளையலும் சரிந்து கட்டைகள் மேல் விழும். அவள் முதல் அடியை எடுத்துக் கொடுப்பதற்காக வைத்த மைக் பக்கத்திலேயே இருப்பதால், ஒரு சின்னக் கிணுகிணுப்பு கூடக் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேரும். ஆகவே வாசிக்க உட்கார்ந்ததும் வளையலைக் கழற்றிக் கீபோர்டு மேல் வைத்துவிடுவாள்.

அதற்கும் ஒரு குருத்து ஞாயிறு முடிவு கட்டியது. பாடுகளின் வரலாறு வாசித்து, ஆண்டவர் உயிர்விட்ட இடத்தில் சபை முழுவதும் முழந்தாளிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வளையல் கீபோர்டிலிருந்து குதித்தது. குதித்ததோடு விட்டதா? நடுவழியில் உருண்டு, பீடத்துப் படியருகே போய்ச் சுழன்று சுழன்று ஆடி, ஆற அமரப் படுத்தது. ஃபாதர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். அன்றிலிருந்து டோரதி வெறுங்கையோடுதான் கோயிலுக்கு வருவாள்.

இந்த வருஷம் கல்யாண வெள்ளிவிழா. டோரதி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"கைக்கு எதையும் வாங்கிடாதீங்க. பீரோவுல இடமில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ரெஜிசுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. தான் கொடுத்த ஒன்றே ஒன்றை அவள் கழற்றாமல் போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. வாங்கினால்தானே பீரோ? நாமே செய்வோம் என்று முடிவு கட்டினார். வாட்ச் பட்டைகளில் ஊறிய கைக்கு ஒரு வளை பெரிய விஷயமா என்ற தைரியம். ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்றே சொல்ல வேண்டும்.

முதலில், இழுத்தால் நீளும் பழைய ஸ்பிரிங் வாட்ச் பட்டையின் முறையில் ஒன்று செய்தார். பார்க்க அழகாக இருந்தது. தன் கையில் போட்டு, மேஜைமேல் கீபோர்டு வாசிப்பதுபோல் விரல்களை ஓட்டிப் பார்த்தார். பட்டை ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் கை மயிரைக் கவ்விப் பிடுங்கியது. பொறுத்துக்கொண்டு சாயங்காலம் வரை போட்டிருந்ததில் மணிக்கட்டைச் சுற்றி ஒரு வழுக்கை வட்டம் விழுந்துவிட்டது.

முஜிபுர் ரஹ்மான் அதைப் பார்த்துவிட்டுக் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்ன மாப்ள, ஒரு கைக்கு மட்டும் பியூட்டி பார்லர் போயிட்டு வந்தியா?"

"சிரிங்க பாய், சிரிங்க. கண்டுபிடிக்கிறவனோட கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியப்போவுது."

"தெரியுது தெரியுது. மொதல்ல அந்தக் கையை மறைச்சு வை. யாவாரம் கெட்டுடும்."

அடுத்தது வளையங்களைக் கோத்த வெள்ளிச் சங்கிலி. கை எப்படித் திரும்பினாலும் கூடவே திரும்பியது, மயிரைக் கவ்வவில்லை. ஆனால் தொளதொளவென்று நழுவிப் புறங்கைக்கு வந்து நின்றது. கையை அசைத்தால் சலங்கை கட்டிய ஆட்டுக்குட்டிபோல் சத்தம். விறைப்பாக இருந்தால் கிள்ளுகிறது, நெகிழ்ந்து கொடுத்தால் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று எப்படிச் செய்வது என்று தெரியாமல் ரெஜிஸ் கொஞ்ச நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கை மரத்துப் போவுதாங்க? டாக்டரப் பாத்துடுவோமா?" என்று டோரதி கவலைப்பட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவளே வழி காட்டினாள், தெரியாமல்தான்.

"இந்தக் கட்டை ஒண்ணு மட்டும் டக் டக்குன்னு அடிக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

வீட்டில் இருந்த கீபோர்டில் அவள் பழகும்போது காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வாள். நெருக்கி நெருக்கி வீடுகள் இருக்கும் தெரு, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பாள். அதனால் ரெஜிஸ் வீட்டில் கேட்டதெல்லாம் கட்டைகள் மேல் விரல் படுகிற மெத்தென்ற ஓசை மட்டுமே. அதில் ஒன்று மட்டும் டக்கென்று அடித்தது நிஜந்தான்.

கீபோர்டைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினார். கறுப்பும் வெள்ளையுமாக அத்தனை கட்டைகளும் வெளியே தெரியாத இடத்தில், பின்னால், கீல்போல் மாட்டப்பட்டிருந்தன. அவை வந்து விழும் இடத்தில் மெல்லிய கம்பளித் துணிப் பட்டை ஒட்டியிருந்தது. சத்தம் போட்ட கட்டைக்கு அடியில் மட்டும் அது தேய்ந்துவிட்டிருந்தது. ரெஜிஸ் அதையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். கீல் ஒளிந்திருக்க வேண்டும், இரும்பும் இரும்பும் தொடாமல் நடுவில் மெத்தென்று ஒன்று இருக்க வேண்டும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"சரியாகாதாங்க?" என்றாள் டோரதி பயந்துபோய்.

"ஆயிடுச்சு!" என்றார் ரெஜிஸ், அவளுக்குப் புரியாத சந்தோஷத்தோடு.

அட்டையில் வெட்டிப் பார்த்தார், பித்தளையில் ஒன்று செய்து பார்த்தார், அப்புறம் வெள்ளியில் இறங்கினார். ஒவ்வொரு கண்ணியும் லேசாக வளைந்த சின்னத் தகடு. அதன் அடியிலிருந்து ஒரு நாக்கு நீண்டு பக்கத்துக் கண்ணியின் வயிற்றுக்குள் போகும். குறுக்கே ஓர் ஊசி அதைப் பிடித்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடு வேய்ந்த மாதிரி ஒரு தகட்டின் விளிம்பு அடுத்ததின்மேல் இம்மி படிந்திருக்கும். தோலைக் கிள்ள இடுக்கு இல்லை. கீலுக்குள் துணி வைத்தால் வியர்வையில் நாறும். அதனால் வாட்ச் சாமான் டப்பாவில் கிடந்த மெல்லிய நைலான் வாஷர்களை வைத்தார். பூட்டினால் ஒரே வார்ப்பாக வார்த்த வளைபோல் நின்றது. மணிக்கட்டு வளைந்தால் அதுவும் பணிந்து வளைந்தது.

"சட்டையில என்னங்க மினுக்குது?"

"வாட்ச் தூசி."

"யாருங்க அது, வெள்ளியில மெஷின் வச்ச வாட்ச்சு கட்டுற மகாராசன்?"

ரெஜிஸ் அவசரமாகக் குளிக்கப் போய்விட்டார்.

சத்தம் வருகிறதா இல்லையா என்று தன் கடையில் உட்கார்ந்து அவரால் சொல்ல முடியவில்லை. சுவரெல்லாம் கடிகாரம், வாசலில் பஸ் ஹாரன். நல்ல காது ஒன்று வேண்டும். ஸ்ரீரங்கத்து மகாலட்சுமியின் ஞாபகம் வந்தது. கீழச் சித்திரை வீதியில் வீணை சொல்லிக் கொடுப்பவர். வாங்கிப்போன சுவர்க் கடிகாரத்தை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி ஒன்றுபோல் இல்லை என்று சொன்னவர். ரெஜிஸ் சோதித்துப் பார்த்தபோது அது உண்மையாகவும் இருந்தது.

பஸ் ஏறிப் போனார். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்த நேரமெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வாங்கோ ரெஜிஸ், உட்காருங்கோ. என் கடிகாரம் நன்னாத்தான் ஓடறது, என்ன விசேஷம்?"

விஷயத்தைச் சொன்னதும் மகாலட்சுமி தன் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு இடது கையில் அதைப் பூட்டிக்கொண்டார். வீணையில் கை மேலும் கீழும் ஓடியது. கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் வாசித்தார்.

"எல்லாம் வாயை மூடிண்டிருக்கு. ஒண்ணு மட்டும் பேசறது."

காதருகே வைத்து ஒவ்வொரு கண்ணியாக அசைத்துப் பார்த்து, "இதுதான் அந்த வம்புக்காரி" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அதில் ஒரு வாஷர் விட்டுப்போயிருந்தது. ரெஜிஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த வாஷர் ஒன்றை வைத்துச் சரிசெய்தார். மறுபடி வாசித்தபோது வீணையைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

"பேஷா இருக்கு. உங்காத்துல எப்படி வாசிப்பா? கை ரொம்ப வேகமா போகுமா, இல்ல நிதானமா இழைச்சு வாசிப்பாளா?"

ரெஜிஸ் மீதி வாஷர்களைப் பொட்டலம் கட்டினார்.

"வந்து... நான் வெளியில நிப்பேன் டீச்சர்."

"வெளியிலன்னா?"

"மரத்தடியில."

மகாலட்சுமி சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "அப்போ அன்னிக்கு இது சத்தம் போடறதா இல்லையான்னு யார் கேட்டுச் சொல்லப் போறா? உள்ளே போய் உட்காருங்கோ" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் ரெஜிசுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருந்தது அவருக்கே வெட்கமாக இருந்தது.

கோயில் திருவிழா ஞாயிறும் கல்யாண நாளும் ஒரே வாரத்தில் வந்தன. ஞாயிறு காலையில் டோரதி புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தபோது வளையைக் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கல."

டோரதி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையில் மினுக்கிய தூசியும் தட்டின் முன்னால் ஆடிய விரல்களும் அவளுக்கு இப்போது விளங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினாள், அவரே பூட்டிவிட்டார்.

"இத எங்கங்க கழட்டறது? ஒரு எடமும் தெரியலையே."

அடியில் நகத்தால் அழுத்த வேண்டிய இடத்தைக் காட்டினார்.

"ஏன் இப்படி ஒளிச்சு வச்சீங்க?"

"நீ கழட்டிடக் கூடாதுன்னுதான்."

டோரதி சாப்பாட்டு மேஜைமேல் விரல்களைத் தடதடவென்று ஓட்டினாள். வளை மூச்சு விடவில்லை. அவள் முகம் மலர்ந்துபோனது. "சரி, வாங்க, நேரமாச்சு. ஒங்க மரம் காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள்.

மரம் காத்துக்கொண்டுதான் இருந்தது. ரெஜிஸ் அதைத் தாண்டிக் கோயில் படியில் கால் வைத்ததும் கூட்டத்திலிருந்து செபஸ்தியான் குரல் கொடுத்தார்.

"ஏப்பா ரெஜிஸ், வழி மாறிப் போறியே!"

ரெஜிஸ் திரும்பவில்லை. பாடல் குழுவுக்கு நேராக, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத்தான் செய்தார்.

வருகைப் பாடல் தொடங்கியதும் காதைத் தீட்டிக்கொண்டார். கிணுக் என்று ஒன்று வந்துவிடுமோ என்று காத்திருந்தார். வரவில்லை. வானவர் கீதம் வேகமாகப் போகும். டோரதியின் கைகள் அங்கும் இங்கும் பறந்தன. வளை அவளோடு வளைந்ததே தவிர வாய் திறக்கவில்லை. காணிக்கைப் பாட்டிலும் இல்லை.

பிறகு நற்கருணை வாங்கப் பாடகர்கள் எல்லோரும் வரிசையில் போனார்கள். டோரதி மட்டும் தனியாக வாசித்தாள். வார்த்தை இல்லாத மெட்டு. கேள்வி கேட்பதுபோல் மேலே ஏறி, பதில் தானே தெரிந்ததுபோல் மெதுவாகக் கீழே இறங்கி வந்தது. இந்தக் கைகளை ரெஜிசுக்குத் தெரியும். முருங்கைக்காய் நறுக்கும், கணக்கு நோட்டுத் திருத்தும், அவருக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும். இவை இப்படியும் பேசும் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. வாராவாரம் இது இங்கே நடந்திருக்கிறது, அவர் வெளியே நின்று வஞ்சிர மீன் விலையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கைக்குட்டையைத் தேடினார்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் டோரதி நேராக அவரிடம் வந்தாள்.

"சத்தம் வந்துச்சாங்க?"

ரெஜிஸ் திருதிருவென்று விழித்தார். "பாதி வரைக்கும் வரல. அதுக்கப்புறம் கவனிக்கல."

"கவனிக்கலையா? இதுக்குத்தானே இத்தனை நாளா வெள்ளிய ராவிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ வாசிச்சதக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

டோரதி வளையைத் தடவினாள்.

"நற்கருணை நேரத்துல ஒரு எடத்துல தப்பாக் கை வச்சிட்டேன். கேட்டுச்சா?"

"இல்லையே. நல்லாத்தானே வாசிச்ச."

"தலையத் தூக்குனேன். நீங்க முன்னாடி உக்காந்து கண்ணத் தொடச்சிக்கிட்டு இருந்தீங்க. வெரல் தடுமாறிடுச்சு."

வீட்டுக்கு வந்ததும் டோரதி வளையோடு பாத்திரம் கழுவப் போனாள். தண்ணீர் படும், கழற்றி வை என்று ரெஜிஸே சொன்னார். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரெஜிஸ் வழக்கமாகத் தூங்கப் போகும் நேரத்தில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள்.

"தூக்கம் வருதாங்க?"

"வரல."

டோரதி ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, அந்தத் தப்புப் பண்ணின இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.