கியர்பெட்டி எண்ணெயும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

பிள்ளைகளே, 2009 தொடக்கத்தில் லண்டனில் பனி கொட்டியபோது எடுத்த ஒரு படம் வீட்டில் இருக்கிறது. நான்கு வயது மூத்தவள், பனிப் பொம்மைக்கு என் தொப்பியைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் காரின் மூக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் பொம்மையைப் பார்க்கவில்லை. அந்தக் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளையவன் அப்போது அம்மாவின் வயிற்றில். மூத்தவளைப் போல அவனையும் ஒப்பரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் வலி வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். நாங்கள் இருந்த குட்மேய்ஸ் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரில் இருபது நிமிஷம். பனி கொட்டிய அன்று பஸ்களே ஓடவில்லை. வாடகைக்கு ஓடும் மினிகேப்காரரும் போனை எடுக்கவில்லை. ஆகவே கார்தான். அதை நம்பத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அது ஓட்டோமற்றிக், ஆனால் பழைய மாதிரி இல்லை. உள்ளே இரண்டு கிளச். ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்களை ஒரு கிளச் பார்க்கும்; இரண்டு, நான்கு, ஆறை மற்றது. ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றது அடுத்த கியரைப் பிடித்தபடி தயாராக நிற்கும். இரண்டும் எண்ணெயில் ஊறியே கிடக்கும். கடுங்குளிரில் அந்த எண்ணெய் தடித்துவிடும். காலையில் ரிவேர்ஸ் போட்டால் கார் கொஞ்சம் யோசிக்கும், பிறகு சின்ன உதறலோடு நகரும். நான் அதை வேறு ஒருவர் பாவித்த காராக வாங்கியிருந்தேன். கியர்பெட்டி எண்ணெய் மாற்றியதாக சேர்விஸ் புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஃபாரஸ்ட் கேட் பகுதியில் கராஜ் வைத்திருந்த, தெரிந்த அண்ணை ஒருவரிடம் சொன்னேன். அவரும் எங்களைப் போல ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே இதே மாதிரிப் பெட்டிகளில் வேலை செய்தவர்.

“நீ இப்ப தங்கச்சியை விட்டிட்டு அலையாதை. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டை வாறன்” என்றார். தங்கச்சி என்றது அம்மாவை.

வந்தார். காரை மட்டமாக உயர்த்தி நிறுத்தி, கறுத்த எண்ணெயை வடித்து, ஃபில்டரை மாற்றி, கீழ்த் துவாரத்தாலேயே குழாய் வைத்துப் புது எண்ணெயை ஏற்றினார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய்ச் சூட்டைப் பார்க்க லப்டொப்பைக் காரோடு பூட்டினார்.

“இதுக்கு அளவுகோல் கம்பி இல்லைத் தம்பி. எண்ணெய்ச் சூடு முப்பத்தைஞ்சுக்கும் நாப்பத்தைஞ்சுக்கும் இடையிலை நிக்கேக்கை கீழ்த் துவாரத்தின்ரை ஆணியைக் கழட்டோணும். மிச்சம் வடிஞ்சு, சொட்டாக வரேக்கை பூட்டோணும். அதுதான் அளவு.”

அப்போது திரையில் முப்பது. அம்மா கதவடியில் வந்து நின்றாள்.

“அண்ணை, வடை சூடா இருக்கேக்கை வாங்கோ.”

“ரெண்டு நிமிஷம் தங்கச்சி.”

“நீங்கள் வராட்டி நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பனிக்குள்ளை வருவன்.”

நிறைமாதக்காரி அப்படிச் சொன்னால் யாரால் மறுக்க ஏலும்? உள்ளே போனோம். வீட்டுக்கு வேலைக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு விடுவது எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். “இன்னொண்டு எடுங்கோ அண்ணை” என்று நானும் மறித்தேன். ஜெர்மன் கதைகள் வந்தன, இரண்டாவது தேத்தண்ணியும் வந்தது. வெளியே கார் ஓடிக்கொண்டேயிருந்தது. திரும்பி வந்தவர் குளிரில் அவசரமாக ஆணியைக் கழற்றினார். எண்ணெய் தாராளமாக வந்தது. “நல்லா வருது” என்று சந்தோஷப்பட்டு, சொட்டானதும் பூட்டினார். லப்டொப் திரை இருண்டு கிடந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பழையதைவிட மோசம். ரிவேர்ஸ் போட்டு மனதுக்குள் நான்குவரை எண்ணிய பிறகுதான் கார் அசைந்தது. பெரிய வீதிக்குத் திரும்பும்போது நடுவில் ஒரு கணம் இழுவை இல்லாமல் நின்றுவிட்டது. ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி நின்றது. பின் சீட்டில் யாரும் இல்லை. அம்மா படுத்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் கார்க் கண்ணாடியில் பனி வழிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தேன். பனி கரைந்த பிறகும் வழிக்கப் போனேன். இது புது எண்ணெய்தானே, ஓட ஓடச் சரிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிவரவில்லை. ஒப்பரேஷனுக்கு முதல்நாள் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

காலையில் கார் செய்ததையெல்லாம் அண்ணை ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு கேட்டார்: “தம்பி, அண்டைக்கு நான் ஆணியைக் கழட்டேக்கை எத்தினை டிகிரி நிண்டது?”

“நீங்கள் பார்க்கேல்லையோ?”

“நான் தேத்தண்ணிக்கு முந்தித்தானே பார்த்தனான்.”

சூடு ஏறினால் எண்ணெய் ஊதிப் பெருகும். ஊதின எண்ணெயில் அளவு பார்த்தால், இருக்க வேண்டியதும் வடிந்துவிடும். ஒரு மணித்தியாலத்தில் அண்ணை வந்து சேர்ந்தார். அம்மா தட்டோடு வந்தாள்.

“தங்கச்சி, கோவிக்காதை. இது முடியும்வரைக்கும் உன்ரை வடையைத் திரும்பியும் பாக்கமாட்டன்.”

“வடை கடிக்காது அண்ணை.”

“போன முறை கடிச்சது தங்கச்சி.”

அவர் முதலில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஏற்றினார்; நான் திரையைப் பார்த்துச் சூட்டை உரக்க வாசித்தேன். முப்பத்தெட்டில் கழற்றினார், சொட்டில் பூட்டினார். கணக்குப் பார்த்தால், குறைந்திருந்தது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு எண்ணெய். அது மட்டும்தான் காரணமா என்று கேட்டேன். அவர் சத்தியம் பண்ணவில்லை.

“விடிய எடுத்துப் பார். நிண்ட இடத்திலை கனநேரம் ஓடவிடாதை. ஒரு நிமிஷம் விட்டு, மெல்லமா எடு.”

விடிந்தபோது கண்ணாடியில் பனி இறுகியிருந்தது. மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். ரிவேர்ஸ் போட்டேன். ஒன்று என்று எண்ணி முடிக்கமுன் கார் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது.

“இண்டைக்கு உதறேல்லை” என்றாள் அம்மா.

“உதறினது உமக்குத் தெரியுமோ?”

“போன கிழமை கிளினிக்குக்குப் போகேக்கையே தெரியும். இல்லாத பனியை நீங்கள் வழிச்சதும் தெரியும். கேட்டால் இன்னும் பயப்படுவியள் எண்டு பேசாமல் இருந்தனான்.”

வழியெல்லாம் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் மனதுக்குள் எண்ணினேன். கார் ஒருமுறையும் உதறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா இறங்கிய பிறகும் நான் கியரில் கை வைத்தபடி, சத்தம் ஏதும் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியில் தட்டினாள்.

“கார் வந்திட்டுது. இனி என்னைப் பாருங்கோ.”