பேனா மூடியைத் திறக்காத மனிதர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே, ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அரபியில் மனு எழுதித் தருபவர் அவர். மருதாணிச் சிவப்பேறிய தாடி. சந்தேகம் தீரும்வரை பேனா மூடியைத் திறக்கவே மாட்டார்.

வளைகுடாவில் வேலை செய்யும் என் தம்பிக்கு லீவு தர மறுக்கிறார்கள் என்று, அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய மனுவை அரபியில் மாற்றித் தரக் கொடுத்தேன். ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லில் நின்றுவிட்டார்.

“இன்னாத்த ரெஸ்ட்ரிக்ட் பண்றாங்க?”

“லீவத்தான் பாய். ஏதோ ஒண்ணு எழுதுங்க, தொண்டூர் பஸ் போயிடும்.”

“அளவு வெச்சா ‘ஹத்தத’. ஆளையே கட்டிப்போட்டா ‘கய்யத’. எத எழுதறது? தம்பிக்குப் போன் போடுப்பா.”

பஸ் போயே போய்விட்டது. எரிச்சலோடு போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினேன்.

“தம்பி, கேட்டுக்கு வெளிய போயி டீ குடிச்சு எத்தினி நாளாவுது?”

எங்களிடம் ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டுமே சொல்பவன் அவன். அவரிடம், “ஏழு மாசம் ஆவுதுங்க” என்றான்.

அவர் பேனா மூடியைத் திறந்தார். என் மனுவில் லீவு என்ற சொல்லை அடித்துவிட்டு ‘கய்யத’ என்று எழுதினார்.

எனக்கு அவர்மேல் இன்னும் கோபம்தான். வாரம் தவறாமல் தம்பியோடு பேசுகிறவன் நான். அந்தக் கேள்வியைக் கேட்டது அவர்.