உப்பு வெளியில் ஒரு நாற்காலி

ஜூலை மாதத்தில், பாலைவனப் பள்ளத்தில் இருக்கிற திம்பிஷா கிராமத்தில் கை பொறுக்கும் தண்ணீர் வேண்டுமென்றால் வெந்நீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்க் குழாயில் மண்ணுக்கடியில் கொதித்த தண்ணீர் வரும். அணைத்து வைத்த ஹீட்டரில் தேங்கிக் கிடப்பதுதான் கொஞ்சம் ஆறியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து வந்த பதிப்பாளர் ஹால்ஸ்டெட்டுக்குத் தெரியுமா? கை கழுவப் போனவர் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க சார், எங்க ஊரு உங்களுக்குக் கை குடுத்திருச்சு," என்று சிரித்தாள் டோரின்.

"வாய மூடுக்கா," என்று பல்லைக் கடித்தாள் தங்கை வெர்னா.

அவள் பதற்றம் அவளுக்கு. வெர்னா ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்துகிறவள். வேலை முடிந்தால் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு உப்பு வெளிக்குப் போய்விடுவாள். உனக்கென்ன கிறுக்கா என்று ஊரே கேட்டாயிற்று. அவள் எடுத்த படம் ஒன்றை ஓட்டல் சுவரில் பார்த்துவிட்டுத்தான் ஹால்ஸ்டெட் தேடி வந்தார். பாலைவனங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போடுகிறாராம். அட்டைக்கு ஜூலை மாதத்து நண்பகல் உப்பு வெளி வேண்டும், அட்டையிலேயே வெர்னாவின் பேரும் வரும் என்றார். அதுவரை அவள் பேர் அச்சில் வந்தது ஓட்டல் சட்டையில் குத்திய வில்லையில் மட்டும்தான். ஆசை இருக்காதா?

அன்று ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. கோடை வந்தால் மலையேறிவிடுவது இந்தப் பூர்வகுடி ஜனங்களின் தொன்றுதொட்ட வழக்கம். ஆனால் வெர்னா வீட்டில் மட்டும் யாராவது ஒருவர் கீழேயே இருந்தாக வேண்டும். காரணம் உண்டு. அவளுடைய அப்பா சிறுவனாக இருந்தபோது, எல்லோரும் மலைக்குப் போயிருந்த ஒரு கோடையில், இவர்களை அங்கிருந்து கிளப்பப் பார்த்த அரசாங்க அதிகாரிகள் வந்தார்கள். காலி வீடுதானே, ஆளே இல்லையே என்று சொல்லி, குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி மண் சுவர்களைக் கரைத்துவிட்டார்கள். பாவிகள்! மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு மிஞ்சியது சேறு. அதற்கப்புறம் அந்தக் குடும்பம் ஒரு ஜூலைகூட வீட்டைக் காலியாக விட்டதில்லை.

மூன்று பேரும் பிக்கப் வண்டியில் போய் உப்பு வெளியில் இறங்கினார்கள். நூற்றிருபத்தாறு டிகிரி பாரன்ஹீட். செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. ஹால்ஸ்டெட் நெற்றியைத் தடவிப் பார்த்து, "எனக்கு வேர்க்கவே இல்லையே!" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

"வேர்க்குது சார். தோலுக்கு வர்றதுக்குள்ள காத்து குடிச்சிருது," என்றாள் வெர்னா. "தண்ணியக் குடிங்க. விழுந்தீங்கன்னா தூக்க எங்களால ஆவாது."

"இங்க மட்டும் ஏம்மா இப்படிக் கொளுத்துது?"

"பள்ளம் சார். கடலுக்கும் கீழ நிக்கிறோம். ரெண்டு பக்கமும் மலை. சூடு மேல ஏறினாலும் சுத்தி இங்கயேதான் வந்து விழும். மழைத் தண்ணியும் உள்ள வந்தா வெளிய போக வழி கிடையாது. வெயில் வந்து தண்ணியக் கொண்டு போயிரும். உப்பு போவாது. நாங்களும் அப்படித்தான்."

ஈரத் துண்டைக் கேமராவின் மேல் போர்த்திவிட்டு அவள் உட்கார்ந்து பார்த்தாள். தேன்கூடு போல வரப்பு கட்டி உப்பு கண்ணுக்கெட்டியவரை கிடந்தது. அவ்வளவு வெள்ளையைக் கண்டால் கேமரா மிரண்டு சாம்பலாக்கிவிடும் என்று ஒளியைக் கூட்டி வைத்தாள். நிமிர்ந்தால், ஹால்ஸ்டெட் பையிலிருந்து ஒரு மாட்டு மண்டையோட்டை எடுத்து உப்பின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவமே, இங்க மாடு எந்தக் காலத்துல சார் மேஞ்சுது?" என்றாள் டோரின்.

"படத்துக்காகம்மா. புத்தகத்தோட பேரே 'ஆளில்லா பூமி'. பாத்ததும் சாவு தெரியணும். பாருங்க, எங்கயும் ஒரு ஜீவன் இல்ல. பிரமாதம்!"

வெர்னாவுக்கு உடம்பு பூராவும் பற்றிக்கொண்டு வந்தது. ஆளில்லையாம்! இதே வார்த்தையைச் சொல்லித்தானே அப்பாவின் வீட்டைக் கரைத்தார்கள்? அந்த அட்டையில் அவள் பேர் வந்தால், ஆளில்லை என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

விறுவிறுவென்று வண்டிக்குப் போனாள். மடக்கு நாற்காலியைக் கொண்டு வந்தாள். மண்டையோட்டை எடுத்து ஹால்ஸ்டெட் கையில் திணித்தாள்; அது இருந்த இடத்தில் நாற்காலியை விரித்துப் போட்டாள்.

"அக்கா, உக்காரு."

டோரின் குடையைப் பிடித்துக்கொண்டு, தர்பூசணித் துண்டைக் கடித்தபடி, மாமியார் வீட்டில் உட்காருகிற புதுப்பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெர்னா படம் எடுத்தாள்.

"அவங்கள எந்திரிக்கச் சொல்லும்மா. ஆள் இருந்தா அட்டைக்கு ஆகாது. உன் பேரும் வராது."

"வர வேணாம். ஆளில்லாத ஊருல ஆளத் தேடி எதுக்குய்யா வந்தீங்க?"

அவர் தானே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். புத்தகமும் வந்தது, அட்டையில் மண்டையோட்டோடு. உப்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. வெர்னா அதைப் பார்த்துவிட்டு அன்று சோறு தண்ணி இல்லாமல் படுத்துக் கிடந்தாள். வலிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்?

மறுநாள் எழுந்து டோரினின் படத்தைப் பெரிதாகப் போட்டாள். கீழே தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி, சாலையைப் பார்த்த வீட்டுச் சுவரில் மாட்டினாள். போகிற வருகிற கார்கள் நின்று பார்த்தன.

இந்த ஊர் வெயில் எதை விட்டுவைக்கும்? அடுத்த கோடைக்குள் படம் வெளுத்துவிட்டது. முதலில் குடை போயிற்று, அப்புறம் டோரினின் முகம்.

"பாத்தியாடி, என்னக் காணோம்," என்றாள் டோரின்.

"வெளுத்தா வெளுக்கட்டும்," என்றாள் வெர்னா. "ஜூலை வந்திருச்சு. நாற்காலிய எடு."