ஏறிக்கொண்டிருந்த சதவீதம்

நான் நிருபராக இருந்த நாளிதழ் தன் புதுக்கோட்டை அலுவலகத்தை மூடியபோது, அங்கிருந்த பொருட்களை வாங்க வந்தவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவன். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்பது அவன் தொழில். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி முடித்த பிறகு, "நீங்களும் வாரீங்களா மச்சான்?" என்று கேட்டான். சாமான்களோடு சாமானாக நானும் போனேன். வேலை பெரிதாக மாறிவிடவில்லை. முன்பும் பிறர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் என் வேலை; இப்போது கூடுதலாக ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

கந்தர்வக்கோட்டை கடைவீதியில் மாடியில் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு நாங்கள் சர்வர் போட்டுக் கொடுத்தோம். உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். அந்த வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, புதுவீடு குடிபோவது எதுவென்றாலும் அவருடைய கேமராதான். எடுத்த வீடியோக்களை ஹார்டு டிஸ்குகளில் போட்டு, டிஸ்குகளை பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் இரண்டு ஒரே மழைக்காலத்தில் செத்துப்போகவே, பயந்து எங்களைக் கூப்பிட்டார்.

சென்னையில் ஒரு கம்பெனி கழித்துவிட்ட சர்வரை அவருக்காக வாங்கி வந்தோம். அதன் முகப்பில் நான்கு டிஸ்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சிறு கைப்பிடி, இழுத்தால் மேசை இழுப்பறைபோல வெளியே வரும். உள்ளே கன்ட்ரோலர் என்றொரு கார்டு. நான்கு டிஸ்குகளையும் சேர்த்து, ஒரே ஒரு பெரிய டிஸ்க் இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைப்பது அதன் வேலை. அந்தப் பெரிய டிஸ்குக்கு வர்ச்சுவல் டிஸ்க் என்று பெயர். அதைக் கையால் தொட முடியாது. அதில் எழுதுவதையெல்லாம் கன்ட்ரோலர் துண்டு துண்டாக வெட்டி நான்கிலும் பரப்பி வைக்கும். ஒரு டிஸ்க் செத்தால், மிச்சமுள்ள மூன்றை வைத்துச் செத்ததில் இருந்ததைக் கணக்கிட்டுக் கொண்டுவந்துவிடும். இந்த ஏற்பாட்டைத்தான் ரெய்டு என்பார்கள்.

மைத்துனன் அதை அமைத்தபோது உரிமையாளர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் கவனித்தார். சர்வர் உயிர் பெறும் நேரத்தில் ஒரு பட்டனை அழுத்த, நீலத் திரை வந்தது. நான்கு டிஸ்குகளையும் குறித்தான். எந்த வகை ரெய்டு என்பதைத் தேர்ந்தெடுத்தான். கடைசியில் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பி, டிஸ்குகளில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"என்ன தம்பி, செவப்பா வருது?" என்றார் உரிமையாளர்.

"அது சும்மா கேக்கும்ணே. ஆமான்னு குடுத்துட்டுப் போயிக்கிட்டே இருக்கணும்."

டிஸ்குகளில் அன்று எதுவும் இல்லை. ஆகவே அன்றைக்கு அது சரியான பதில். பிறகு திரையில் ஒரு சதவீதம் ஏறத் தொடங்கியது. டிஸ்குகள் பழையவை என்பதால் மைத்துனன் நீண்ட முறையை வைத்திருந்தான்; நான்கு டிஸ்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை பூஜ்யங்களால் நிரப்பிக்கொண்டு போகும் முறை அது. நாங்கள் கீழே மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். உரிமையாளர் நாற்காலியை விட்டு எழவில்லை. ராத்திரி நூறு ஆனதும் கை தட்டினார். ஒவ்வொரு டிஸ்கின் முகத்திலும் வரிசை எண் எழுதிய ஸ்டிக்கரை நான் ஒட்டினேன்.

"இனிமே போகவே போகாதுல்ல?"

"ஒண்ணு செத்தாலும் மூணு நிக்கும்ணே. ஒங்க கல்யாண வீடியோவே இதுல இருந்தாலும் தைரியமாத் தூங்கலாம்."

"என் கல்யாணம் போனாப் போகட்டும்ப்பா" என்றார் அவர்.

"காதுல விழுகுது" என்று உள் அறையிலிருந்து குரல் வந்தது. அவருடைய மனைவி அங்கே ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

பிஸ்கட் டின்களில் இருந்ததெல்லாம் சர்வருக்கு ஏறியது. பிறகு அந்தப் பழைய டிஸ்குகளை அழித்துவிட்டுப் புது வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார். வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சர்வர் நன்றாகவே ஓடியது. ஆயுத பூஜை வரும்போது பெட்டியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சென்ற ஆண்டு கடைவீதியில் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்தது. மாடிவரை செம்மண் தூசி ஏறி, சர்வரின் முகப்பு நிறம் மாறிக் கிடந்தது. பூஜைக்காக உரிமையாளரின் மனைவி ஈரத்துணியோடு உட்கார்ந்தார். கைப்பிடி வைத்த பொருளைப் பார்த்தால் யாருக்கும் இழுக்கத்தான் தோன்றும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு டிஸ்குகளையும் ஒவ்வொன்றாக உருவித் துடைத்தார். ஸ்டிக்கர்கள் துணியோடு போயின. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கேமராக்கள், லைட்டுகள், டிரோன் ஆகியவற்றோடு டிஸ்குகளையும் சாமி படத்தின் முன் அடுக்கினார்.

டிஸ்க் இல்லாத சர்வர் கத்த ஆரம்பித்தது. கரண்ட் போனால் யூபிஎஸ் கத்துவதைப் பழகியவர்கள் அவர்கள். அதோடு, பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை திரும்பவும் சூடம் காட்டாமல் எடுக்கக் கூடாது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, பொரி கடலை சாப்பிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விஜயதசமி. கைக்கு வந்த வரிசையில் டிஸ்குகளைச் செருகி, சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டார் உரிமையாளர். வேறு இடத்தில் உருவான அமைப்பு ஒன்று இந்த டிஸ்குகளில் தெரிகிறது, ஏற்றுக்கொள்வதா, நீக்குவதா என்று திரை கேட்டது. ஏற்றுக்கொள் என்று சொல்லியிருந்தால் அநேகமாக எல்லாம் திரும்ப வந்திருக்கும். சென்னைக் கம்பெனிக்காரன் விட்டுவிட்டுப் போன மிச்சம் என்று நினைத்து அவர் நீக்கச் சொன்னார். வீடியோக்கள் டிஸ்குகளிலேயே கிடந்தன; ஆனால் அவற்றைச் சேர்த்துக் காட்டும் அந்தப் பெரிய டிஸ்க் இப்போது திரையில் இல்லை. மைத்துனனுக்கு போன் செய்தார். நாங்கள் குடுமியான்மலையில் மைத்துனன் மகளுக்கு முடியிறக்கிக்கொண்டிருந்தோம்; போன்கள் காரில் கிடந்தன.

மதியம் மைத்துனன் திரும்பக் கூப்பிட்டபோது உரிமையாளரின் மனைவிதான் எடுத்தார். "அவரு சாப்புடுறாரு தம்பி. காலையில லைட்டு என்னமோ செவப்பா எரிஞ்சுச்சு. இப்ப ஒண்ணுமில்ல, சாவகாசமா வாங்க" என்றார்.

பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு சாவகாசமாகத்தான் போனோம். வானம் மூடிக்கிடந்தது, மழை வரவில்லை. மாடிப்படியில் ஏறும்போதே ஒரு பெண் போனில் பேசுவது கேட்டது.

"முப்பத்தெட்டு ஆயிருச்சு ஆத்தா. இன்னும் நேரம் கெடக்கு. நீ சாப்புடு."

சர்வரின் திரைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். முப்பதுக்குள் இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. சொந்த ஊர் மணமேல்குடி. மாப்பிள்ளை வீடு கந்தர்வக்கோட்டைப் பக்கம், அதனால் கல்யாண வீடியோ இந்த ஸ்டூடியோவில். ஆல்பத்தோடு கொடுத்த பென்டிரைவ் கணவரோடு குவைத்துக்குப் போய், அங்கே அறை மாறியபோது தொலைந்துவிட்டது. பங்குனியில் அந்தப் பெண்ணின் அப்பா நெஞ்சுவலியில் இறந்துபோனார். கடல் தொழில் செய்தவர், பட்டன் போன் வைத்திருந்தவர். போட்டோ இருக்கிறது, சுவரில் மாட்டியாயிற்று. குரல் மட்டும் எங்கும் இல்லை, அந்தக் கல்யாண வீடியோவில் தவிர. பூஜை கழிந்து வந்தால் எடுத்துத் தருகிறேன் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார்.

இவ்வளவையும் அவர் எங்களிடம் சொல்லி முடிப்பதற்குள் உரிமையாளர் உள் அறையிலிருந்து வந்தார். முகத்தில் பெருமை.

"வாங்க தம்பி. ஒங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு நானே பண்ணிட்டேன். நீங்க அன்னைக்குப் பண்ணது மாதிரியே, ஒண்ணு விடல. செவப்புக் கட்டம் கூட வந்துச்சு. சும்மா கேக்கும்னு சொன்னீங்கள்ல? ஆமான்னு குடுத்துட்டேன்."

மைத்துனன் திரையை எட்டிப் பார்த்தான். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனான். அந்த ஸ்டூடியோவில் யாரும் அப்படிப் போவதில்லை. திரையில் முப்பத்தொன்பது. நிறுத்தும் பட்டனை அழுத்தினான். சிவப்புக் கட்டம் வந்து, நிச்சயமாகவா என்று கேட்டது.

"ஏங்க நிறுத்துறீங்க?" என்றார் அந்தப் பெண். "நல்லாத்தானே ஏறிக்கிட்டிருக்கு?"

அவன் ஆம் என்று கொடுத்துவிட்டுத்தான் திரும்பினான்.

"ஏறலம்மா. அழிஞ்சுக்கிட்டிருக்கு."

அவருக்கு அது உடனே புரியவில்லை. திரையில் நின்றுபோன எண்ணையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். காலையிலிருந்து அந்த எண்ணைத்தான் மணமேல்குடிக்கும் குவைத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

உரிமையாளருக்குப் புரிந்துவிட்டது. "ரெய்டு போட்டாப் போகாதுன்னீங்களே தம்பி" என்றார், மெதுவாக.

"டிஸ்க் செத்தாத்தாண்ணே போகாது. அழின்னு சொன்னா அது அழிக்கத்தான் செய்யும்."

"நீங்கதானே சும்மா கேக்கும்னு..."

"சொன்னேன்" என்றான் மைத்துனன்.

டிஸ்குகள் எப்படி வெளியே வந்தன என்று யாரும் கேட்பதற்கு முன்பே உரிமையாளரின் மனைவி நேற்று நடந்ததை முழுக்கச் சொன்னார். துடைத்தது, பொட்டு வைத்தது, சத்தம் கேட்டுக் கதவைச் சாத்தியது, எதையும் விடவில்லை. "சாமிக்கு முன்னாடிதானே வச்சோம்" என்று முடித்தார். எங்களில் யாரைப் பார்த்து அதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

மைத்துனன் அந்தப் பெண்ணிடம், "அப்பா எந்த எடத்துல வருவாரு, என்ன பேசுவாரு? தேடுறதுக்குத்தான் கேக்குறேன்" என்றான்.

"பந்தி நேரத்துல. கச்சேரிக்காரங்க மைக்கப் புடுங்கி, ஒதட்டுல ஒட்ட வச்சுக்கிட்டுப் பேசுனாரு. ‘கொய்ங்'னு சத்தம் வேற. எல்லாரும் இருந்து சாப்புட்டுத்தான் போகணும், கை நனைக்காமப் போனா நான் கோவிச்சுக்குவேன்னு சொன்னாரு. நான் மேடையில ஒக்காந்து வெக்கப்பட்டேன். யாராச்சும் அந்த மைக்க வாங்குங்களேன்னு."

டிஸ்குகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தோம். கைப்பிடி இடுக்குகளில் சந்தனம் காய்ந்திருந்தது. மீட்பதற்கு மென்பொருள் இருக்கிறது. ஆனால் எந்த டிஸ்க் முதலாவது, எது இரண்டாவது என்று அதற்குச் சொல்ல வேண்டும். எண்கள் துணியோடு போய்விட்டதால் ஒவ்வொரு வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டோம். சரியான வரிசை கிடைக்கவே பல நாள் ஆயிற்று. கிடைத்த பிறகும் அழிந்த பகுதி அழிந்ததுதான். பூஜ்யங்களுக்கு அடியில் எதுவும் இருக்காது.

பிந்தைய கல்யாணங்கள் துண்டு துண்டாக வந்தன. ஒரு நாள் ஒரு துண்டில், மைக் இரைச்சலோடு ஒரு வயதானவரின் குரல், எல்லோரும் சாப்பிட்டுப் போங்க என்று சொல்வது கேட்டது. மைத்துனன் எழுந்தே நின்றுவிட்டான். அவர் தோளுக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் வேறு ஜோடியின் படம் இருந்தது. நான் அதைக் காட்டினேன். அவன் உட்கார்ந்து அடுத்த துண்டைத் திறந்தான்.

மணமேல்குடிக் கல்யாணம் பிஸ்கட் டின்களிலிருந்து முதலில் ஏற்றியவற்றில் ஒன்று. டிஸ்குகளின் ஆரம்பப் பகுதியில் இருந்தது. பூஜ்யங்களும் அங்கிருந்துதான் தொடங்கின.

தீபாவளிக்கு முன் அந்தப் பெண்ணை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார்கள். போனில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதே நாற்காலியில், அதே பையோடு உட்கார்ந்திருந்தார். உரிமையாளரின் மனைவி கொண்டுவந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. மைத்துனன் விஷயத்தைச் சொன்னான். அவர் அழவில்லை. பை வாரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு நான் வந்து ஒக்காந்தப்பப் பன்னெண்டு இருந்துச்சு. நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பவே நிறுத்தியிருந்தா வந்திருக்குமாங்க?"

உரிமையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லம்மா" என்றான் மைத்துனன். "ஒங்களது மொத எடத்துலயே இருந்துச்சு. நீங்க இங்கிட்டு வாரதுக்கு முன்னாடியே போயிருச்சு."

பன்னிரண்டுக்கு முன்பா, பின்பா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நாளிதழில் இருந்தபோது அவன் சொன்னது போல ஒரு வாக்கியத்தை நான் எழுதி அனுப்பியிருந்தால், இதை யார் உறுதி செய்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் சுருட்டிய பை வாரைப் பிரித்துவிட்டார். பிறகு போனை எடுத்தார்.

"ஆத்தா, இல்லையாம்" என்றார். "ம். நான் வாரதுக்கு முன்னாடியே போயிருச்சாம்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இன்னும் இல்ல. அங்க வந்துதான் சாப்புடணும்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு எழுந்தார்.